விசிறிக்குள் ஒரு பாடம்

மாறுதிசை மின்னோட்டத்தின் அழகை ரசிக்க, சீலிங் ஃபேனின் கண்டென்சரை விடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியாது. கைக்குள் அடங்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒரே சுருளில் அது பாய்ந்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, சுழலாது; விசிறி நின்றபடியே முனகும். இரண்டாவது சுருளோடு தொடராகக் கண்டென்சரை இணைத்தால் நிலைமையே வேறு. அதன் மின்மறுப்பு, 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1,270 ஓம். அந்தச் சுருளின் மின்னோட்டம் மற்றதை முந்திக்கொண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே 90 டிகிரியை ஒட்டிய கட்ட வேறுபாடு. துடிக்கும் இரு புலங்கள் சேர, சுழலும் புலம் பிறக்கிறது!

மின்பொறியாளர் ஸ்டெய்ன்மெட்ஸ் 1893-இல் கலப்பெண்களைக் கொண்டு இந்தக் கட்டக் கணக்கை எளிமையாக்கினார். இந்தக் கணக்குக்காக வரையும் அம்புக்குறிப் படங்கள் மிரட்டினால், விசிறியை நினைத்துக்கொண்டு மறுபடி வரையுங்கள். கணக்கு காற்றாக வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இதைக் கற்கலாம்.