சிறையில் பறிபோவது எது?

சிறை என்றதும் உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியுமே உங்கள் நினைவுக்கு வரும். அவை உடலைத் தடுப்பவை. மனத்தைத் தாக்குவது எது? இதை ஆராய்ந்த நூல்களுள் புகழ்பெற்றது, அமெரிக்கச் சமூகவியலறிஞர் கிரெஷம் சைக்ஸ் 1958-இல் வெளியிட்ட 'கைதிகளின் சமுதாயம்'. நியூ ஜெர்சி மாநிலச் சிறையை நேரில் கண்டு எழுதப்பட்ட இந்நூல் நம் விருதுநகர்ச் சீமைக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

சிறைத் துன்பங்களைச் சைக்ஸ் ஐந்தாகப் பிரிக்கிறார்: விடுதலை இழப்பு, பொருள் வசதி இழப்பு, பெண் துணையின்மை, பாதுகாப்பின்மை, தன் செயலைத் தானே முடிவு செய்யும் உரிமையின் இழப்பு. கடைசியாகச் சொன்னதே இங்கு நமக்கு முக்கியம். உறங்கும் நேரம், உண்ணும் நேரம், நடக்கும் வழி எல்லாமே பிறர் விதிப்பவை. 'ஏன்?' என்று கேட்டால் விடை கிடையாது. வளர்ந்த மனிதன் குழந்தையின் நிலைக்குத் தள்ளப்படுகிறான். தன்னைப் பற்றி அவன் கொண்டிருந்த மதிப்பே ஆட்டம் காண்கிறது என்கிறார் சைக்ஸ்.

சிவகாசிப் பட்டாசு ஆலையின் போர்மேன் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருந்துக் கலவை சரியா, அறையில் ஆள் மிகுந்துவிட்டதா, வெயில் ஏறிவிட்டதே, வேலையை நிறுத்தலாமா என்று கணந்தோறும் முடிவெடுப்பதே அவர் தொழில். விபத்து நேர்ந்தபின் கைதாகிறவர்களுள் போர்மேன்களும் இருப்பதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். குற்றம் யாருடையது என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். ஆனால் அதுவரை, தன் அறை விளக்கை அணைப்பதைக்கூட அவர் முடிவு செய்ய இயலாது.

சைக்ஸின் கருத்துக்குப் பிற்கால அறிவியல் துணை நிற்கிறது. 1967-இல் செலிக்மன், மெயர் என்னும் உளவியலறிஞர்கள் நாய்களுக்குத் தவிர்க்க முடியாத மின்னதிர்ச்சி கொடுத்தனர். பின்னர்த் தப்ப வழியிருந்தும் பல நாய்கள் முயலாமல் படுத்துவிட்டன. 'கையறு நிலையை அவை கற்றுக்கொண்டன' என்றே அன்று விளக்கினர். 2016-இல் அவர்களே அவ்விளக்கத்தைத் தலைகீழாக்கினர். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது மூளையின் இயல்பு. 'நிலைமை என் கையில் இருக்கிறது' என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. முன்மூளை அதைக் கற்று, செயலற்ற நிலையை அடக்குகிறது என்றனர். விலங்காய்வை மனிதருக்கு அப்படியே பொருத்தலாகாது எனினும், முடிவெடுக்கும் ஆற்றலுக்கும் பயிற்சி வேண்டும் என்ற கருத்து சிந்திக்கத் தக்கது.

நூலின் குறைகள் இரண்டு. முதலாவது, சைக்ஸ் ஆராய்ந்தவர்கள் தண்டனை பெற்றவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோரில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவன் நாளை எண்ணலாம். எண்ண நாளே இல்லாதவன் நிலை என்ன? நூலில் இதற்கு விடையில்லை.

இரண்டாவது, சிறைக்குத் தாமே விரும்பிச் செல்பவர்களுக்கு அவர் நூலில் இடமில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 1941-இல் வேலூர்ச் சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அப்பதவியைத் தாமே துறந்தார். 1942-இல் காவலர் கண்ணில் படாமல் பல ஊர்களுக்கும் சென்று, வேலையை முடித்து, விருதுநகர் வந்து, கைதாகத் தயார் என்று தாமே காவல்துறைக்குச் சொல்லியனுப்பினார். உள்ளே போகும் நேரத்தைக்கூட அவரே குறித்தார். அவருக்கு நோக்கம் இருந்தது, தோழர்களும் இருந்தனர்.

எனவே, 'சிறை தலைவர்களை உருவாக்கியது, இன்றைய கைதிக்கு மட்டும் என்ன கேடு?' என்று கேட்பவரிடம் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: அவர்களிடம் இருந்த முடிவெடுக்கும் உரிமையில் எத்தனை பங்கு இவனிடம் இருக்கிறது?

காரணம் சொல்லி விதியை விளக்குவது, அடுத்த விசாரணை நாளைத் தெரிவிப்பது, வேலையையோ படிப்பையோ தேர்ந்துகொள்ள விடுவது ஆகியவற்றால் மதில் தாழ்ந்துவிடாது. வெளியே வரும் மனிதன் மறுபடி பிழைக்கத் தேவையான ஆற்றலை இவை காக்கக்கூடும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் சைக்ஸின் நூல் படிக்கத் தக்கது. முழுவதும் படிக்க இயலாதவர்கள், சிறைத் துன்பங்களைப் பற்றிய நான்காம் இயலையாவது படியுங்கள்.