வேலை வந்ததும் திரை விழலாமா?

வேலையற்றோர் துயரை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்த படங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980). மற்றொன்று, வேல்ராஜின் ‘வேலையில்லா பட்டதாரி’ (2014). இரண்டும் பசியைப் பரிகசிக்காத படங்கள், அதற்காகப் பாராட்டுகிறோம். ஆனால், கிடைத்த வேலை எத்தகையது என்ற கேள்வியை இரண்டுமே கேட்கவில்லை.

முன்னதில், படித்த இளைஞன் அலைந்து சலித்து, முடிவில் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். உழைப்பில் இழிவில்லை என்பது நல்ல கருத்துத்தான். ஆயினும், சாதியின் பேரால் அத்தொழில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டவன் அதைச் செய்தபோது, தியாகமென்று கைதட்டியவர் யார்? உயர்சாதி வீட்டுப் பிள்ளை கத்தரிக்கோல் எடுத்தால் காவியம். மற்றவன் எடுத்தால் வெறும் பிழைப்பு!

பின்னதில் வேலை எப்படி வருகிறது? மாண்ட தாயின் நுரையீரலைப் பெற்று உயிர்பிழைத்த பெண்ணின் தந்தை, கட்டட நிறுவன முதலாளி, நன்றிக்கடனாகத் தருகிறார். உரிமையாக அன்று, உபகாரமாக! தாயைப் பறிகொடுக்காத வேலையற்றோர் எந்தக் கதவைத் தட்டுவது?

அப்படம் வெளிவந்த அதே 2014 இல், நவம்பர் முதல் நாள், திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் வீடு திரும்பினர். 2022 இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. விமான நிலையத்தை அடுத்த பொழிச்சலூரிலும், பக்கத்துப் பம்மல், அனகாபுத்தூரிலும், இப்படி வேலை இழந்தவனுக்கு அடுத்து எதிர்ப்படுவது எது? காவலாளியின் சீருடை, பொருள் சுமக்கும் பை, ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேடு.

24 மாதங்களில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்க வேண்டுமென்று தமிழ்நாடு 1981 இலேயே சட்டம் செய்தது. நாள் நிறையுமுன் நிறுத்திவிட்டு, வேறு ஒப்பந்தக்காரரின் பெயரில் சேர்த்துக்கொண்டால்? கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து! வழக்காடலாம், வழக்காடக் காசு எங்கே? இத்தனைக்கும் புள்ளிவிவரத்தில் அவன் ‘வேலையுள்ளவன்’!

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேலை பறிபோன நீண்டகாலத் தொழிலாளரைப் பற்றி 1993 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேலை போகாதிருந்தால் பெற்றிருக்கக்கூடிய வருவாயைவிட, ஐந்தாறு ஆண்டு கழிந்தும் அவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாகவே பெற்றனர்.

அடுத்த படம் எடுப்போர், நாயகன் வேலையில் சேரும் காட்சியிலிருந்து தொடங்கட்டும். முதல் மாதச் சம்பளச் சீட்டைத் திரை நிறையக் காட்டட்டும்: வைப்பு நிதி உண்டா, ஈட்டுறுதி மருத்துவம் உண்டா, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டா, கையெழுத்திட்டவர் ஆலையா, ஒப்பந்தக்காரரா?