முட்டைக் கூடையும் மோட்டாரும்

பழைய மோட்டார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காதல் கடிதம்தான் எழுதுகிறார்கள். மட்கார்டின் வளைவு, முன்விளக்கின் கண்ணழகு, தோல் ஆசனத்தின் வாசனை இவைதாம் அவர்களுக்குச் சரித்திரம். யுத்த காலத்துப் பிரெஞ்சுக் குடும்பக் கார்களைப் பற்றி நான் படித்தவற்றிலும் இந்த மயக்கமே மிகுந்திருந்தது. எனக்கும் அந்த வண்டிகளிடம் மரியாதை உண்டு. ஆனால் அது ஒரு முட்டைக் கூடையினால் வந்த மரியாதை.

சிட்ரோயன் கம்பெனியின் நிர்வாகியாக இருந்த பியேர் பூலான்ஜே 1930-களின் நடுவில் தம் என்ஜினீயர்களுக்கு ஓர் உத்தரவிட்டார். மரச்செருப்பு மாட்டிய இரண்டு குடியானவர்களும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏறுவதற்கு ஒரு வண்டி வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும். நூறு கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலிருக்கும் முட்டை ஒன்றுகூட உடையக் கூடாது. அழகைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. தம் வாசகன் யார் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்டு பேனாவை எடுக்கிற நாவலாசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அந்த முட்டையின் அருமை எனக்குப் பாரிஸில் விளங்கவில்லை. நான் பாரிஸுக்குப் போனதுமில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் விளங்கியது. ஜீப்பில் எங்களோடு ஒரு மலையாளிப் பெண் ஏறினாள். மலையாளி என்றால் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்வராயனில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் மலைக்குடிகள் அவர்கள். கையில் வைக்கோல் பரப்பிய கூடை, அதில் முட்டைகள். "இங்கே கீழே வச்சிடு ஆத்தா, எடம் இருக்கே" என்றார் டிரைவர். "வேணாம் சாமி, ஒன் வண்டியெ நம்பி வக்கெ முடியாது" என்று சொல்லிக் கூடையை மடியில் வைத்து, இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு அவள் உடம்பே ஸ்பிரிங்காக ஆடியது. வண்டி செய்ய வேண்டிய வேலையை அவள் முதுகெலும்பு செய்துகொண்டிருந்தது.

அந்த முதுகெலும்பின் வேலையைத்தான் பூலான்ஜேயின் ஆட்கள் வண்டிக்குள் வைத்தார்கள். ஒரு பக்கத்து முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் அடியில் படுக்கைவசமாக வைத்த ஸ்பிரிங்குகளால் இணைத்தார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்தக் குலுக்கலில் ஒரு பங்கு பின்சக்கரத்துக்குப் போய்விடும். வண்டி தலை குப்புற ஆடாமல் மட்டமாக மிதக்கும். 1939-ல் 250 வண்டிகள் தயாராயின. அக்டோபரில் பாரிஸ் கண்காட்சி. செப்டம்பரில் யுத்தம் வந்துவிட்டது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாதென்று பெரும்பாலான வண்டிகளை உடைத்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். ஒளித்தவற்றில் மூன்று, 1990-களில் ஒரு பரணிலிருந்து இறங்கி வந்தன.

இதற்கு முன்பே, 1934-ல், அதே கம்பெனி டிராக்ஷன் அவான் என்ற காரை வெளியிட்டிருந்தது. முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் வண்டி. தனிச் சட்டமின்றி உடலே எலும்பாக நிற்கும் அமைப்பு. இதற்குச் செலவிட்டே ஆந்திரே சிட்ரோயன் திவாலாகி, 1935-ல் காலமானார். யுத்தத்தின்போது ஜெர்மன் ரகசியப் போலீஸாரும் அதில்தான் போனார்கள், அவர்களை எதிர்த்த தேசபக்தர்களும் அதில்தான் போனார்கள். ரசிகர்கள் உருகுவது இந்தக் காருக்குத்தான். மேதையின் படைப்பு, சந்தேகமில்லை. என்றாலும் அதில் என்ஜினீயரின் கர்வம் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது.

ரெனோவின் கதை இன்னும் கசப்பானது. லாரி மட்டும் செய் என்று ஜெர்மானியர் உத்தரவிட்டிருந்தபோது, அங்கே சில என்ஜினீயர்கள் திருட்டுத்தனமாகச் சின்னக் கார் ஒன்றை வரைந்தார்கள். முதலாளி லூயி ரெனோ, எதிரிக்கு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் கைதாகி, விசாரணைக்கு முன்பே 1944 அக்டோபரில் இறந்தார். 1945-ல் கம்பெனி அரசாங்கத்தின் உடைமையாயிற்று. 1946-ல் காட்டப்பட்ட அந்த நாலு கதவுக் குட்டி வண்டிதான் 4சிவி. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சுக் கார் அது. இந்தக் கைதையும் சாவையும் விட்டுவிட்டு வண்டியின் நிறத்தை மட்டும் வர்ணிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த வருஷங்களில் பெட்ரோல் பஞ்சம் பிரான்சுக்கு மட்டும் வந்ததல்ல. அங்கே கார்களின் முதுகில் கரியடுப்பு ஏறியது போலவே இங்கும் பஸ்களில் ஏறியது. என் தாத்தா கள்ளக்குறிச்சியில் கரி பஸ்ஸில் போனவர். "டிக்கெட் வாங்கினவனெல்லாம் மேட்டிலே எறங்கித் தள்ளணும், அதுக்கும் சேத்துத்தான் காசு" என்பார்.

1948-ல் பூலான்ஜேயின் வண்டி டூ சிவி என்ற பெயரில் கண்காட்சி மேடை ஏறியபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். தகரம் வெட்டும் கருவியும் கூடவே தருவீர்களா என்று ஒரு அமெரிக்கர் கேட்டாராம். ஜனங்கள் சிரிக்கவில்லை, வருஷக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். 1990 வரை 38 லட்சத்துக்கு மேல் அந்த வண்டிகள் வெளிவந்தன. குறை இல்லாமல் இல்லை. முதல் வண்டிக்கு 375 சிசி எஞ்ஜின், ஒன்பது குதிரைச் சக்தி. நாலு பேரோடு கல்வராயன் ஏற்றத்தில் அது நிச்சயம் திணறியிருக்கும். குடியானவனுக்கு இவ்வளவு போதும் என்று நகரத்துக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து தீர்மானித்ததும் எனக்கு நெருடுகிறது. ஆனாலும் அவனைப் பற்றி யோசித்தார்.

நம் அம்பாஸிடரைச் செய்தவர்கள் யாரை யோசித்தார்கள்? 1957-ல் வந்த அது, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அச்சு. 2014 வரை ஏறக்குறைய அதே உடலோடு ஓடியது. உறுதியான வண்டி, கல்யாணத்துக்கும் மந்திரிக்கும் பொருந்தியது. ஆனால் மரவள்ளி மூட்டையின் எடையை நிறுத்துப் பார்த்து வரைந்த வண்டியல்ல. 1976 வரை ஜாகீர்தார்கள் வசமிருந்த கல்வராயனில் சாலையே பிற்பாடுதானே வந்தது என்று சொல்லலாம். பூலான்ஜேயும் சாலைக்காகக் காத்திருக்கவில்லை. வயலில்தான் ஓட்டச் சொன்னார்.

2017-ல் அம்பாஸிடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய் கொடுத்துப் பெஜோ கம்பெனி வாங்கிக்கொண்டது. 2021 முதல் சிட்ரோயன் கார்கள் நம் திருவள்ளூரிலேயே தயாராகி விற்பனைக்கு வருகின்றன. போன தடவை போனபோது கோமுகி அணையருகே அவற்றில் ஒன்றைப் பார்த்தேன். சென்னைக்காரக் குடும்பம் ஒன்று இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று அதை உரசாமல் ஒதுங்கிப் போயிற்று. பின்னால் இருந்தவர்களின் மடியில் கூடைகள் இருந்தன.