பணம் (மரச்செதுக்கு அச்சுப்படம்)

'பணம்' என்பது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர் ஃபெலிக்ஸ் வலோட்டன் (1865–1925) செதுக்கிய கறுப்பு வெள்ளைப் படமாகும். வீட்டுக்குள் ஆணும் பெண்ணும் தனித்திருக்கும் தருணங்களைக் காட்டும் 10 படங்கள் கொண்ட 'அந்தரங்கங்கள்' வரிசையில் இதுவும் ஒன்று. 1898இல் வெளிவந்தது.

சன்னலோரம் வெள்ளுடையில் ஒரு பெண் நிற்கிறாள். அருகே ஓர் ஆண் கையை நீட்டி ஏதோ சொல்கிறான். அவள் பார்வை அவன்மேல் இல்லை. படத்தின் பெரும்பகுதி ஒரே கறுப்பு. மரச்செதுக்கில் வெட்டி நீக்கிய இடம் வெள்ளையாகும். வெட்டாமல் விட்ட இடம் மையேற்றுக் கறுப்பாகும். வலோட்டன் அறையை ஏறக்குறைய வெட்டாமலே விட்டிருக்கிறார். அதனால் அவன் உடை முடிந்து இருள் தொடங்கும் இடம் தெரிவதில்லை. இருளே கைநீட்டிப் பேசுவதுபோல் இருக்கிறது.

தலைப்பைப் படித்ததும், அவள் விலைபேசப்படுகிறாள் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் படத்தில் காசு எதுவும் இல்லை. அவன் கொடுக்கிறானா, கேட்கிறானா, வீட்டுக் கணக்குச் சொல்கிறானா? அவர்கள் கணவன் மனைவியாகவும் இருக்கலாம். மாணவர்கள் தலைப்பை மறைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருவன் பேசுகிறான், ஒருத்தி பேசாமல் நிற்கிறாள் என்பது மட்டுமே அப்போது எஞ்சும். அவளைப்பற்றிய தீர்ப்பு எதையும் படம் சொல்லவில்லை.