அடுத்தவர் கை பட்ட வண்டி

போலோ ஜிடி டிஎஸ்ஐ சக்கரத்துக்கு நட்டு கிடையாது, ஐந்து போல்ட்தான். அந்தப் போல்ட்டின் தலைக்குக் கீழே, சக்கரத்தின் குழியில் போய் உட்காரும் பாகம், கம்பெனி சாமானில் உருண்டையாக இருக்கும். வெளிக்கடையில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் குழி கூம்பு. உருண்டையைக் கூம்புக்குள் வைத்து முடுக்கினாலும் முடுக்கிவிடலாம். ஸ்பேனருக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே மயிரிழை அகலத்துக்கு ஒரு வட்டம் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓட அது தேய்ந்து பிடி விட்டுவிடும். மாடிஃபை பண்ணின போலோவை யாராவது வாங்கிவந்து காட்டினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்வது என் வழக்கம்.

போன சித்திரையில் நண்பர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து ஓட்டிவந்த 2015 மாடலில் கூம்புப் போல்ட்டே இருந்தது. அலாயின் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்ப 57.1 மில்லிமீட்டர் வளையமும் போட்டிருந்தார்கள். இந்த வளையம் இல்லாவிட்டால் எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதறும்; வண்டிக்காரர் காரணம் தெரியாமல் அலைன்மென்ட் கடைக்கும் பேலன்சிங் கடைக்கும் நடையாக நடப்பார். விற்றவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இந்த இரண்டுமே இல்லை. ஸ்டேஜ் ஒன் ரீமேப், கூம்பு ஃபில்டர், ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட், லோயரிங் ஸ்பிரிங், 16 அங்குல அலாய், ஃபாக் லைட் என்று வாய் நிறையச் சொல்லக்கூடியவை மட்டும்தான் இருந்தன. சொல்லாமல் விட்ட சாமானைப் பார்த்த பிறகுதான் அந்த முகம் தெரியாத மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இந்த மாடலைப் பற்றிக் கொஞ்சம். 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. 1197 சிசி, நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், டர்போ, 105 குதிரை, 175 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1500 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். ஏழு கியர் டிஎஸ்ஜி. 2022-ல் போலோ தயாரிப்பே நின்றுபோனதால் இனி இது பழைய வண்டிச் சந்தையில் மட்டும்தான். அங்கே வருவதில் கம்பெனி நிலையில் இருப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். யாராவது ஒருவர் கை வைத்திருப்பார்.

கோயம்புத்தூர் கை என்றால் இங்கே மதுரைப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டிய கரிவர்தனின் ஊர். 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக் அவர் பேரில்தான் இருக்கிறது. மதுரைக்கு இருப்பது வேறு படிப்பு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து எடுக்கும் வாயுவில் மோட்டார் வண்டியை ஓட்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்டைச் செய்து கொடுத்தார். வண்டியின் பலம் அதனால் கூடியிருக்காது. கரி வாயுவுக்குப் பெட்ரோலின் வேகம் வராது. ஆனால் பஸ் ஓடியது. இந்த ஊர் பார்த்த மாடிஃபிகேஷன்களில் என் ரசனைக்கு அதுதான் முதல் இடம். ஊர் கேட்ட கேள்விக்கு வண்டி சொன்ன பதில் அது. ஒவ்வொரு சாமானையும் பார்க்கும்போது ‘இது எந்தக் கேள்விக்கு’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அந்தக் கதையிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

நண்பரின் வண்டியைப் பட்டறை லிஃப்டில் ஏற்றினோம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் இருந்தது. சத்தத்துக்காக அதை அறுத்து எறிந்துவிட்டு, பின் ஆக்ஸிஜன் சென்சாருக்கு அடியில் ஒரு கட்டை வைத்து கம்ப்யூட்டரை ஏமாற்றியிருக்கும் வண்டிகள் எத்தனையோ. இதில் கன்வெர்ட்டருக்குப் பின்னால்தான் புதுக் குழாய் தொடங்கியது. ஆர்கான் வெல்டிங். பற்று வைத்த கோடு ஒரே அகலம், ஒரே இடைவெளி. ஓரங்களில் வைக்கோல் நிறத்திலிருந்து இளம் ஊதாவுக்குப் போகும் சாயம். ஸ்டெயின்லெஸ்ஸில் சூடு அளவாக இறங்கியதன் அடையாளம் அது. சூடு மிஞ்சினால் செத்த சாம்பல் நிறம் வரும். ஃபிளாஞ்சைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். வெல்டிங் நடக்கும்போது குழாயின் உள்பக்கமும் ஆர்கான் நிரப்பாவிட்டால் அங்கே பற்று கருகிப் பொரிந்து நிற்கும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். இங்கே உள்பக்கமும் வழுவழுவென்று இருந்தது.

“நின்னு செஞ்சிருக்கான்ணே,” என்றார் பட்டறைக்காரத் தம்பி. மெக்கானிக்குகள் ஒருவர் வேலையை இன்னொருவர் புகழ்வது அபூர்வம்.

செய்தவரின் கை வயரிங்கில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபாக் லைட்டுக்கு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்திருந்தார்கள். சாதாரண கருப்பு இன்சுலேஷன் டேப் மதுரை வெயிலில் ஒரு கோடை தாங்காது. பசை உருகி வழிந்து, கை வைத்தால் பிசுபிசுக்கும், பிறகு பிரிந்து தொங்கும். இங்கே கம்பெனிக்காரர்கள் சுற்றும் துணி டேப்பையே வாங்கிச் சுற்றி, கம்பெனி வயர் போகும் பாதையிலேயே புது வயரையும் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு இணைப்பைக்கூட முறுக்கி விட்டிருக்கவில்லை; கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டிருந்தது. புது மண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு பெரியவர் வேறு கடையில் தைத்த சட்டையைக் கொடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். வயரிங் பார்ப்பதும் அப்படித்தான்.

அடுத்தது பிளக். நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம். ரீமேப் சரியில்லாத வண்டியில், சிலிண்டருக்குள் நாக்கிங் அடித்திருந்தால், வெள்ளைப் பீங்கான் மேல் மிகச் சின்ன வெள்ளிப் புள்ளிகள் தெரியும். பிஸ்டனின் அலுமினியம் துகளாகத் தெறித்து ஒட்டியது அது. லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடியும். நான்கிலும் புள்ளி இல்லை. ஒரே மாதிரி பிஸ்கட் நிறம். ஸ்கேனரைச் சொருகியபோது பழைய கோளாறு எதுவும் பதிவாகவில்லை. அதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது, விற்பதற்கு முந்தின நாள் அழித்திருக்கலாம். அப்படி அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கணக்குகளும் சேர்ந்தே அழிந்துபோகும்; அவை மறுபடி நிறைய சில நாள் ஓட்டம் வேண்டும். இதில் எல்லாம் நிறைந்தே இருந்தன.

ரீமேப்பை ரசிக்க லேப்டாப் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையில் நான்காம் கியரிலேயே வைத்து, 1500 சுற்றிலிருந்து மெல்ல மிதித்தோம். மலிவான ரீமேப் அந்த இடத்திலேயே டார்க்கை அள்ளிக் கொட்டும். முதுகு சீட்டில் ஒட்டும், பக்கத்தில் இருப்பவர் ‘ஆகா’ என்பார், வண்டி விற்றுவிடும். ஆனால் இந்த டிஎஸ்ஜியில் இருப்பது எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச். அதன் எல்லை 250 நியூட்டன் மீட்டர். கீழ்ச்சுற்றில் மொத்தத்தையும் அதன் தலையில் போட்டால் கோரிப்பாளையம் சிக்னலில் உருளும்போது உதறல் ஆரம்பித்துவிடும். இந்த வண்டி அப்படிப் பாயவில்லை. 2500 வரை ஏறக்குறைய பழைய குணம்தான். அதற்கு மேல் தங்குதடையில்லாமல் ஏறிக்கொண்டே போனது. ரீமேப் செய்தவர் மேலே கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தியிருக்கிறார் என்பது தெரிந்தது. இன்னும் இருபது நியூட்டன் மீட்டர் அவரால் எடுத்திருக்க முடியும். எடுக்காமல் விட்டதைத்தான் நான் ரசித்தேன்.

கப்பலூர் டோல்கேட்டில் நின்றபோது நண்பர் கேட்டார்: “மாப்ள, எவ்வளவு போகும்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?”

“திருநெல்வேலி வரைக்கும் போகும்னு சொல்லு.”

டயர் விஷயத்திலும் கணக்குப் போட்டவர் வண்டியை விற்றவர். கம்பெனி அளவு 185/60 ஆர்15, விட்டம் 603 மில்லிமீட்டர். இவர் போட்டிருந்தது 195/55 ஆர்16, 621. மூன்று சதவீதம் கூடுதல். மீட்டர் நூறு காட்டும்போது வண்டி 103-ல் ஓடும். இதை நண்பரிடம் சொல்லி வைத்தேன், கேமரா இருக்கும் சாலைகளில் உதவும். 16 அங்குலம் என்றதும் பட்டையாக, பக்கவாட்டுச் சதையே இல்லாத டயரைத் தேடுகிறவர்கள் உண்டு. இவருடையதில் பக்கவாட்டு உயரம் 111-லிருந்து 107-ஆகத்தான் குறைகிறது. பள்ளத்தில் விழுந்தாலும் அலாய் எளிதில் நெளியாது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர் ஃபில்டரில் எப்படிச் சறுக்கினார் என்பது எனக்குப் புரியவில்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் மூடாப்பு எதுவுமில்லாமல் ஒரு கூம்பு ஃபில்டர். பார்க்க அழகுதான், டர்போ மூச்சிழுக்கும் சத்தமும் நன்றாகக் கேட்கும். ஆனால் வெளியே நாற்பது டிகிரி இருக்கும் நாளில் அது இழுப்பது இன்ஜின் அறையின் அறுபது டிகிரிக் காற்றை. அந்த வித்தியாசத்திலேயே காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் போய்விடும். டர்போ கூடுதலாக உழைக்கும், நாக்கிங்குக்குப் பயந்து கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில மத்தியானம் வேலைக்கு வராது. ஃபில்டருக்கு அடுத்த குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். எடுத்தபோது நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு. இந்தப் பக்கத்துத் தூசி லேசுப்பட்டதல்ல. மேலூர்ப் பக்கம் போனால் கல் உடைத்த தூசி, திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல் புழுதி. கல் தூசி டர்போவின் இறக்கையையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துவிடும். எந்தக் கேள்விக்கு இந்த ஃபில்டர் என்று கேட்டால், சத்தத்தைத் தவிர வேறு பதில் இல்லை.

ஸ்பிரிங் பற்றி இரண்டு மனது. வெட்டிய ஸ்பிரிங் இல்லை. கேஸ் கட்டிங் வைத்து ஒரு சுற்றை அறுத்துவிட்டு ‘லோயரிங்’ என்று சொல்லும் வேலையில் அறுத்த முனை நீலம் பாய்ந்து கிடக்கும். இது முறையாகச் செய்த ஸ்பிரிங், 35 மில்லிமீட்டர் இறக்கம். டயர் பெரிதானதில் ஒன்பது மில்லிமீட்டர் திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், வெள்ளைக்கோடு அழிந்துபோன நம் வேகத்தடைகளுக்கு அது பத்தாது. எக்ஸாஸ்ட்டின் அடியில் நீள நீளமாகப் பளபளத்த கீறல்கள் எல்லாம் புதியவை. ஊர் வந்து சேர்ந்த பிறகு விழுந்தவை. நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் இந்த ஸ்பிரிங்கின் அருமை தெரிகிறது. லேன் மாறும்போது உடம்பு சாயாமல் வண்டி மட்டும் நகர்கிறது. பாலத்தை விட்டு இறங்கியதும் அடி தட்டுகிறது. புஷ்களும் பம்ப் ஸ்டாப்பும் தேறுமா என்று பட்டறைத் தம்பி அமுக்கி அமுக்கிப் பார்த்தார். வேகத்துக்குக் கோயம்புத்தூர் என்றால் ரப்பருக்கு மதுரை. கோச்சடையில் ஃபென்னர், வெள்ளரிப்பட்டியில் ஸ்ரீசக்ரா டயர் என்று பெல்ட்டிலும் ஆயில் சீலிலும் டயரிலும் வளர்ந்த ஊர். இங்கே ரப்பரின் வயதைப் பெருவிரலால் சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. முன் புஷ் இரண்டும் போய்விட்டன என்றார்.

பிரேக்கில்தான் எனக்கு விற்றவர் மேல் நிஜமான வருத்தம். முன்னால் கம்பெனி டிஸ்க், பின்னால் கம்பெனி டிரம், பேட் தேய்ந்து மெலிந்து, பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில். புது டாட் 4 ஆயில் 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பழசானது 155-லேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி நாலு பேரோடு இறங்கும்போது பெடல் பஞ்சாகிப் போகும். ஓட வைக்கிற சாமானுக்குச் செலவழித்ததில் கால் பங்கையாவது நிறுத்துகிற சாமானுக்கு ஒதுக்கியிருக்கலாம். இந்த வரிசைப் பிசகு நம் நாடு முழுக்க உள்ளதுதான்.

சட்டம் இதில் எதையும் ரசிப்பதில்லை. தயாரித்தவர் குறித்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பேர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும் முன் இதை யோசிக்க வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடம் மறைப்பதும் ஆபத்து. அதனால் கழற்றி மாட்ட முடிகிற வேலைக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். டிக்கியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. கம்பெனி ஏர் பாக்ஸ், நாலு ஸ்பிரிங், பழைய சைலன்சர், உருண்டைப் போல்ட் இருபது, எல்லாம் துடைத்துப் பேப்பரில் சுற்றி எந்தப் பக்கத்துச் சாமான் என்று மார்க்கரில் எழுதியிருந்தது.

ஏர் பாக்ஸையும் ஸ்பிரிங்கையும் அன்றைக்கே திரும்ப மாட்டச் சொன்னோம். புஷ், பிரேக் பேட், ஆயில் மூன்றும் புதுசு. எக்ஸாஸ்ட்டும் ரீமேப்பும் இருக்கட்டும் என்றார் நண்பர்; நான் தடுக்கவில்லை. கூம்பு ஃபில்டரை என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆன்லைனில் போட்டால் மூன்று நாளில் போய்விடும், போட்டோவில் நன்றாக விழும் சாமான் என்றேன்.