தொட்டிலிலேயே பேசி முடித்த சம்பந்தம்

டிசம்பர் 7, 2025, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. ஆஸ்டினில் நண்பன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். தட்டில் பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது. டிவியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃபுக்கான 12 அணிகளை அறிவிக்கிறார்கள். ஏழாவது இடத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம். ஒன்பது நாள் முன்னால்தான் எங்கள் மைதானத்தில் அவர்களை 27-17 என்று வென்று அனுப்பினோம். எட்டாவது இடத்தில் ஓக்லஹோமா. அவர்களை அக்டோபரில் 23-6 என்று வென்றோம். பன்னிரண்டு பெயரும் வந்துவிட்டது. எங்கள் டெக்சாஸ் லாங்ஹார்ன்ஸ் பெயர் இல்லை. எங்களுக்குப் பதின்மூன்றாவது இடம்.

நண்பன் ஏ அண்ட் எம்மில் படித்தவன். அடக்க முடியாமல் சிரித்தான்.

“மச்சான், எங்களைத் தோக்கடிச்ச நீங்க வீட்ல பொங்கல் சாப்பிடுறீங்க. தோத்த நாங்க உள்ள போறோம். என்னடா கணக்கு இது?”

“எல்லாம் அந்த ஓஹியோ ஸ்டேட்டால வந்ததுடா. ஆகஸ்ட்ல அவங்க ஊருக்கே போய் ஆடினோம்ல.”

“யாரு போகச் சொன்னது?”

அவ்வளவுதான். பொங்கலை மறந்தோம். பிளேஆஃப் அறிவிப்பையும் மறந்தோம். மூன்று மணி நேரம் கழித்து அவன் மனைவி காபி கொண்டு வந்தபோது 2029-ஆம் ஆண்டில் இருந்தோம். “அண்ணா, உங்க ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு எப்ப வரும்னே தெரியல. 2029 செப்டம்பர்ல யாரோட ஆடணும்னு சண்டை போடுறீங்க” என்றார். நியாயமான கேள்விதான். எங்களிடம் பதில் இல்லை. காபி பிரமாதம்.

எனக்கு இந்த விளையாட்டில் ஆட்டத்தைவிட இந்தச் சண்டைதான் பிடிக்கும் என்று சொன்னால் ஆஸ்டினில் என்னை ஊர்விலக்கம் செய்துவிடுவார்கள். ஆனாலும் உண்மை அதுதான். இன்னும் பிறக்காத சீசன்களின் அட்டவணையை வைத்து, எங்கள் பாதை முள்ளா பூவா என்று மணிக்கணக்கில் வாதாடுவதைப் போன்ற சுகம் வேறு எந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மேற்படிப்புக்கு விமானம் ஏறியபோது ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்திருந்த ஆள் நான். இன்று என் கைப்பேசியில் முகூர்த்த நாட்காட்டிக்குப் பக்கத்தில் லாங்ஹார்ன்ஸ் ஆட்ட நாட்காட்டி இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 2025 சீசனில் உயர்மட்டப் பிரிவில் 136 கல்லூரி அணிகள். சீசனில் ஒரு அணிக்குப் பன்னிரண்டே ஆட்டங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடவே முடியாது. ஆகவே எத்தனை ஜெயித்தாய் என்பதோடு யாரை ஜெயித்தாய் என்றும் கேட்கிறார்கள். அதை எடைபோட்டு, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க 13 பேர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டில் பெரும்பகுதியை ‘கான்ஃபரன்ஸ்’ என்கிற கூட்டணி தீர்மானிக்கும். மிச்சத்தைக் கல்லூரியே பேசி வைத்துக்கொள்ளலாம். வினாத்தாளில் மூன்று நாலு கேள்வியை மாணவனே எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எப்படி இருக்கும்? பாதிப் பேர் சுலபமான கேள்வி எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் கர்வத்தில் பெரிய கேள்வியாக எழுதிவைத்துவிட்டு நம் உயிரை வாங்குவார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கேள்வியைப் பல வருடம் முன்னாலேயே எழுதிவிட வேண்டும். டெக்சாஸும் மிச்சிகனும் 2024-இலும் 2027-இலும் மோதுவது என்று 2014-இலேயே பேசி முடித்தார்கள். அந்த 2014-இல் இரு அணிகளின் லட்சணம் என்ன தெரியுமா? மிச்சிகன் 5 வெற்றி 7 தோல்வி. டெக்சாஸ் 6 வெற்றி 7 தோல்வி. தேறாத இரண்டு பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே சம்பந்தம் பேசிய கதை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மிச்சிகன் முந்தைய சீசனின் தேசிய சாம்பியன். டெக்சாஸ் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று. சம்பந்தம் பேசிய காலத்துப் பயிற்சியாளர்கள் இருவருமே அங்கே இல்லை. 2024-இல் பந்தை வீசி எங்கள் ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸுக்கு ஒப்பந்தம் போட்டபோது 11 வயது!

அந்த ஆட்டத்துக்கு நான் போனேன். டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா மகன் மிச்சிகன் பக்தன். “வாண்ணே, வந்து அடி வாங்கிட்டுப் போ” என்று டிக்கெட் எடுத்துவைத்து அழைத்தான். ஆன் ஆர்பரில் அந்த மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. இதுவா நாட்டிலேயே பெரிய மைதானம்? நம்மூர்க் கண்மாய்க் கரை உயரம்தான் தெரிந்தது. வாசல் தாண்டி உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். கிணறு மாதிரி கீழே, கீழே, இன்னும் கீழே இறங்குகிறது! 1,07,601 பேர் உட்காரும் கிணறு. முழுக்க மஞ்சள். நடுவில் என் ஒருவனின் ஆரஞ்சுச் சட்டை, தயிர்சாதத்தில் விழுந்த ஊறுகாய்த் துண்டு மாதிரி. யூவர்ஸ் மூன்று டச் டவுன் பாஸ் வீசினான். 31-12 என்று வென்றோம். தம்பி வீடு திரும்பும்வரை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “2027-ல ஆஸ்டின் வர்றேன்ணே. அப்ப பாத்துக்கலாம்” என்றான். பாருங்கள், அடி வாங்கிய சூடு ஆறுவதற்குள் மூன்று வருடத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டான். இந்த விளையாட்டின் ருசியே அதுதான்.

ருசி கசந்த நாளும் உண்டு. 2022 செப்டம்பர் 10, அலபாமா ஆஸ்டினுக்கு வந்தது. காலை 11 மணி ஆட்டம். டெக்சாஸ் செப்டம்பர் வெயிலை அக்னி நட்சத்திரத்தில் திருச்சியில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேல்தட்டில் நிழலே இல்லை. லட்சம் பேர் வெந்துகொண்டே கத்தினோம். முதல் கால்பகுதியிலேயே யூவர்ஸ் தோளில் அடிபட்டு வெளியேறினான். சரி, முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை! கடைசி நிமிடத்திலும் முன்னிலையில் நாங்கள்தான். பத்து விநாடி மிச்சமிருக்கையில் அலபாமா ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தது. 20-19. ஒரே ஒரு புள்ளி. இறங்கும் படிக்கட்டில் ஒரு லட்சம் பேர் இருந்தும் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், பிறந்ததிலிருந்து லாங்ஹார்ன்ஸ். ஆட்ட நாட்களில் விடியற்காலையிலேயே மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் ஏற்றிவிடுவார். நான் சைவம் என்பதால் எனக்கென்று ஓரமாக நாலு சோளக்கதிர் சுட்டு வைப்பார். அன்று சாயங்காலம் அவரிடம் போய்ப் புலம்பினேன். எதற்கு இந்த அலபாமாவோடு ஒப்பந்தம் போட்டார்கள், ஒரு சின்னக் கல்லூரியைக் கூப்பிட்டிருந்தால் நிம்மதியாக 50 புள்ளி எடுத்திருக்கலாமே என்றேன். அவர் சோளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்: சின்னக் கல்லூரி வந்திருந்தால் இந்த வெயிலில் நீ போய் உட்கார்ந்திருப்பாயா?

மாட்டேன்தான்.

அடுத்த வருடம் திருப்பி ஆடும் முறை எங்களுடையது. 2023 செப்டம்பர் 9, அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவில் 34-24 என்று வென்றோம். அந்த ஒரு வெற்றி டிசம்பரில் எப்படிப் பலன் தந்தது தெரியுமா? அப்போது பிளேஆஃபுக்கு நாலே இடம். ஒரு தோல்வியோடு நின்ற எங்களுக்கு மூன்றாவது இடம் கொடுத்தார்கள். எங்களிடம் தோற்ற அலபாமாவுக்கு நாலாவது. 13 ஆட்டத்திலும் தோற்காத ஃப்ளோரிடா ஸ்டேட் வெளியே! அவர்களுடைய குவார்ட்டர்பேக் காயம்தான் காரணம் என்று குழு சொன்னது. ஆனால் அலபாமாவை அதன் வீட்டிலேயே வென்றிராவிட்டால் எங்களை யார் ஏறெடுத்துப் பார்த்திருப்பார்கள்?

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை இதை நான் சொன்னபோதுதான் நண்பன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டான். “அது அப்ப. இப்ப கதை வேற. போன ஆகஸ்ட் 30-ம் தேதி ஓஹியோ ஸ்டேட்கிட்ட அவங்க ஊர்ல 14-7 தோத்தீங்க. சீசன் கடைசியில 9 வெற்றி, 3 தோல்வி. அந்த ஆட்டத்துக்குப் பதிலா யாராவது உப்புமா டீமைக் கூப்பிட்டிருந்தா 10-2. சிவப்புக் கம்பளம் போட்டுக் கூப்பிட்டிருப்பாங்க.”

இதே கணக்கைத்தான் எங்கள் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியனும் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னார். நான் சளைக்கவில்லை. ஃப்ளோரிடாவிடம் தோற்றோமே, அது எந்தக் கணக்கு? அந்த சீசனில் யார் யாரோ புரட்டிப்போட்ட அணி அது. கென்டக்கியிடமும் மிசிசிப்பி ஸ்டேட்டிடமும் கூடுதல் நேரத்துக்குப் போய்த்தானே தப்பித்தோம்? ஜார்ஜியா எங்களை 35-10 என்று புரட்டியதே? பழியைத் தூக்கி ஓஹியோ தலையில் போடுவது, ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதைதான்.

“உப்புமா டீம்” என்று அவன் வாயைத் திறந்ததும் எனக்கு அல்வா கிடைத்த மாதிரி. பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளுக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுவது இங்கே வழக்கம். வந்து, தோற்று, காசோலையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது எழுதப்படாத ஒப்பந்தம். 2022-இல் ஏ அண்ட் எம் அப்படித்தான் அப்பலேச்சியன் ஸ்டேட்டை அழைத்தது. கொடுத்த தொகை 15 லட்சம் டாலர். வந்தவர்கள் 17-14 என்று வென்று, காசையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இதே அப்பலேச்சியன் ஸ்டேட் 2007-இல் மிச்சிகனையும் அதன் கிணற்றுக்குள்ளேயே போய் 34-32 என்று கவிழ்த்தது. உப்புமாவுக்குள்ளும் மிளகாய் இருக்கும் மச்சான் என்றேன். அவன் காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

அட்டவணையின் கடினத்தை எண்ணாக்கிப் பார்க்கும் ஆசையும் இவர்களுக்குப் பழையது. பிளேஆஃப் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். எதிராளிகளின் வெற்றி தோல்விக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை. அந்த எதிராளிகளின் எதிராளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பெண் பார்க்கப் போனால் குடும்பத்தை விசாரிப்பது போதாதென்று சம்பந்தியின் சம்பந்தியையும் விசாரிப்பது மாதிரி. நடந்து முடிந்த ஆட்டங்களுக்கு அது சரி. வராத வருடத்துக்கு எந்தச் சூத்திரம்? பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள். நாலு வருடத்தில் அணி முழுக்கவே மாறிவிடும். இப்போதெல்லாம் ஒரே வருடத்தில் பாதி அணி வேறு கல்லூரிக்குத் தாவிவிடுகிறது. 2029-இல் யார் பலசாலி என்பதற்கு என் நண்பனின் கணிப்பும் என் கணிப்பும் கிளி ஜோசியமும் ஒரே தரம். அதனால்தான் யாரும் தோற்காமல் மூன்று மணி நேரம் வாதாட முடிகிறது!

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கான்ஃபரன்ஸ் எஸ்இசி, 2026 முதல் எட்டுக்குப் பதில் ஒன்பது உள் ஆட்டங்கள் என்று தீர்மானித்துவிட்டது. எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஓக்லஹோமா, ஏ அண்ட் எம், அர்கன்சா மூன்றும் நிச்சயம். மீதி ஆறும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. இதற்கு மேல் வெளியிலிருந்தும் ஒரு பெரிய அணியோடு ஆட வேண்டும் என்பது கான்ஃபரன்ஸ் விதி. அந்த ஒன்று ஓஹியோ ஸ்டேட்டாகத்தான் இருக்க வேண்டுமா, நடுத்தரமான ஒன்றாக இருக்கக் கூடாதா என்பது அவன் வாதம். எங்கள் கைவசம் இருப்பது இது: 2026-இல் ஓஹியோ ஸ்டேட், 2027-இல் மிச்சிகன், 2028-இலும் 2029-இலும் நோட்ர டேம். ஒவ்வொன்றும் மலை.

அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. 2005 செப்டம்பரில் ஓஹியோ ஸ்டேட்டின் ஊரிலேயே 25-22 என்று வென்றுவிட்டுத்தான் எங்கள் அன்றைய குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்கின் அணி அந்த சீசனின் தேசியக் கோப்பையைத் தூக்கியது. எனக்கு அது காணொளியில் பார்த்த கதை. பக்கத்து வீட்டுப் பெரியவர் நேரில் போனவர். இருபது வருடம் கழித்தும் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அந்த வருடம் சுலபமாக ஜெயித்த ஆட்டம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒருநாள் கேட்டேன். யோசித்தார், யோசித்தார், கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஓஹியோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வரும் நாள் 2026 செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஏ அண்ட் எம் நண்பன் உட்பட ஒன்பது பேர் இதுவரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் தமிழர்கள் யாராக இருந்தாலும் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் மைதான வாசலுக்கு வாருங்கள். ஆரஞ்சுச் சட்டை கட்டாயம். புளியோதரை என் பொறுப்பு. 2030-க்கு யாரைக் கூப்பிடலாம் என்று அங்கே வைத்துப் பேசிக்கொள்வோம்.