சாய்ந்து தெரியும் நேர்க்கோடுகள்

யோஹான் சோல்னர் ஜெர்மனியின் வானியலாளர். நட்சத்திர ஒளியை அளப்பது அவர் வேலை. அவர் கண்ணில் ஒருமுறை துணியில் அச்சடிக்கும் டிசைன் ஒன்று பட்டது. இணையாக ஓடும் நீளக் கோடுகள், ஒவ்வொன்றின் குறுக்கேயும் சாய்வாகப் போட்ட குட்டிக் கோடுகள். ஒரு கோட்டில் அவை வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்ததில் இடப்பக்கம். நீளக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்குவதும் விலகுவதுமாகத் தெரிந்தன. அளவுகோலை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இணைகோடுகள்தான். 1860இல் சோல்னர் இதைக் கட்டுரையாக்கி ஒரு இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் போகன்டார்ஃப் அந்தப் படத்திலேயே இன்னொரு கோளாறைக் கவனித்தார். பட்டையான தூணுக்குப் பின்னால் சாய்வாக நுழைந்து மறுபக்கம் வெளிவரும் கோடு, ஒரே கோடாகத் தெரியாமல் விலகித் தெரிகிறது. ஒரு துணி டிசைன், இரண்டு காட்சிப்பிழைகள். இருவர் பெயரும் இன்றுவரை உளவியல் பாடநூல்களில் இருக்கின்றன. டிசைனை வரைந்த கைக்குப் பெயர் இல்லை.

காட்சிப்பிழைகள் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு ஓவியர்களும் விளம்பரக்காரர்களும் எடுத்துக்கொண்டவை என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. புகழ்பெற்ற பல படங்கள் சாயப்பட்டறையிலும் கடைச்சுவரிலும் நகைச்சுவை இதழிலும் இருந்தவை. ஆய்வாளர் அவற்றைச் சுரண்டிச் சுரண்டி, விளைவுக்கு எது தேவையோ அதை மட்டும் விட்டுவைத்தார். அப்படிச் சுருங்கிய படத்தை யாரும் எங்கும் கொண்டுபோகலாம். சொந்தக்காரர் என்று யாரும் கேட்டு வருவதில்லை.

சாயப்பட்டறை என்று சொன்னது ஷெவ்ருலை நினைத்து. 1824இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தறிகளுக்குச் சாயப் பொறுப்பாளராகப் போன வேதியியலாளர் அவர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. மற்ற பட்டறைகளின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால் கறுப்பு சோகையாகத் தெரிந்தது. அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை ஆராய்ந்து 1839இல் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார். செராவைப் போன்ற ஓவியர்கள் அதைப் படித்தார்கள்.

முயலாகவும் வாத்தாகவும் தெரியும் படம் 1892இல் மியூனிக்கின் நகைச்சுவை இதழ் ஒன்றில் வெளிவந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜாஸ்ட்ரோ அதை எடுத்தாண்ட பிறகுதான் விட்கென்ஸ்டைனின் தத்துவம்வரை போயிற்று. இளம்பெண்ணாகவும் கிழவியாகவும் மாறும் படமும் பழைய ஜெர்மன் அஞ்சலட்டை ஒன்றில் இருந்ததே. 1915இல் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஹில் அதைத் திரும்ப வரைந்து, மனைவி, மாமியார் என்று தலைப்பும் வைத்தார். 1930இல் போரிங் என்ற உளவியலாளர் அதை ஆய்விதழுக்குக் கொண்டுபோனார்.

பிரிஸ்டலில் ஒரு சின்ன காபிக்கடையின் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். அடுத்தடுத்த வரிசைகள் பாதி டைல்ஸ் அளவுக்கு விலகியிருந்தன. கிடைமட்டமான வரிசைகள் ஆப்பு வடிவத்தில் சரிந்து தெரிந்தன. உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரியின் ஆய்வுக்குழுவில் ஒருவர் இதைக் கவனித்துச் சொல்ல, கிரிகரியும் பிரிசில்லா ஹெர்டும் 1979இல் கட்டுரை எழுதினார்கள். சூட்சுமம் டைல்ஸில் மட்டும் இல்லை, இடுக்கில் பூசிய சாந்திலும் இருக்கிறது. சாந்துக் கோடு மெலிதாக, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும். தடிப்பாகப் பூசினாலும், கறுப்பைவிட இருட்டாகவோ வெள்ளையைவிட வெளிச்சமாகவோ பூசினாலும் சரிவு போய்விடும். இப்போது மெல்பர்ன் டாக்லாண்ட்ஸில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் முகப்பே இந்த டிசைனில் நிற்கிறது.

இந்தப் போக்குவரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பென்ரோஸ் – எஷர் கதை. 1954இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணிதவியலாளர் மாநாடு நடந்தது. அதையொட்டி நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் எஷரின் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மாநாட்டுக்குப் போன ரோஜர் பென்ரோஸ் அப்போது கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவர். படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், இருக்க முடியாத ஒன்றை மிக எளிமையாக எப்படி வரையலாம் என்று முயன்று ஒரு முக்கோணத்தை வரைந்தார். மூன்று சட்டங்கள், எந்த மூலையைத் தனியாகப் பார்த்தாலும் தச்சன் செய்யக்கூடிய மூலைதான். மூன்றையும் சேர்த்தால் அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது. அப்பா லயனல் பென்ரோஸ் மனநல மருத்துவர், மரபியலாளர். மகன் காட்டியதைப் பார்த்து அவர் முடிவேயில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் படிக்கட்டை வரைந்தார். இதை எந்தத் துறையின் இதழுக்கு அனுப்புவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு ஒரு உளவியல் இதழின் ஆசிரியரைத் தெரியும். எனவே இது உளவியல் ஆகிவிட்டது. பிரிட்டிஷ் உளவியல் இதழில் 1958இல் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது.

அதன் பிரதியை எஷருக்கு அனுப்பினார்கள். அவர் 1960இல் படிக்கட்டை ஒரு மடத்தின் மொட்டைமாடியில் வைத்தார். ஒரு வரிசைத் துறவிகள் ஓயாமல் ஏறுகிறார்கள், இன்னொரு வரிசை ஓயாமல் இறங்குகிறது. கீழே ஒருவன் எதிலும் சேராமல் படியில் உட்கார்ந்திருக்கிறான். மறு ஆண்டு முக்கோணங்களை அடுக்கி, விழுந்த தண்ணீர் மீண்டும் மேலேயே போய்ச் சேரும் அருவியை வரைந்தார். இதே முக்கோணத்தை ஸ்வீடனில் ஆஸ்கர் ரூட்டர்ஸ்வார்ட் பள்ளி மாணவராக இருந்த 1934லேயே கனசதுரங்களால் வரைந்திருந்தார். பென்ரோஸ்களுக்கு அது தெரியாது. 1982இல் ஸ்வீடன் ரூட்டர்ஸ்வார்டின் படங்களைத் தபால்தலையாக வெளியிட்டது.

பிறகு இந்தப் படங்களை ஊர் எடுத்துக்கொண்டது. அறுபதுகளின் இறுதியில் எஷரின் படங்கள் அமெரிக்க ஹிப்பிகளின் அறைச் சுவர்களில், அனுமதியில்லாமல் அச்சிட்ட போஸ்டர்களாகத் தொங்கின. இசைத்தட்டு உறைக்காக ராக் பாடகர் மிக் ஜாகர் எழுதிக் கேட்டபோது எஷர் மறுத்தார். கடிதத்தில் முதல் பெயரைச் சொல்லி அழைத்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. படிக்கட்டு 2010இல் ‘இன்செப்ஷன்’ படத்தில் வந்தது. 2014இல் வந்த ‘மான்யுமென்ட் வேலி’ என்ற செல்போன் விளையாட்டு முழுக்க இந்த மாதிரிக் கட்டடங்களால் ஆனது.

ஆங்கில ஓவியர் பிரிஜெட் ரைலிக்கு நேர்ந்தது வேறு. 1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கண்ணைக் கூசவைக்கும் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. அலையலையான கறுப்பு வெள்ளைக் கோடுகளால் ஆன ரைலியின் படம் அதன் நூலட்டையில் வந்தது. அதற்குள் இந்தப் பாணிக்கு ‘ஆப் ஆர்ட்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டிருந்தன. கண்காட்சிக்காக நியூயார்க் வந்த ரைலி, வழியில் கடைக் கண்ணாடிகளுக்குள் தன் ஓவியங்கள் கவுன்களாகத் தொங்குவதைப் பார்த்தார். அவர் ஓவியத்தை வாங்கியிருந்த ஆடை உற்பத்தியாளர் ஒருவரே அதைத் துணியில் அச்சடித்திருந்தார். ரைலி வழக்குப் போட முயன்றார். ஓவியருக்கு அப்படிப் பாதுகாப்புத் தரும் சட்டம் அப்போது அமெரிக்காவில் இல்லை.

விமர்சகர்களும் அவரைக் கண்வித்தைக்காரர் என்று ஒதுக்கினார்கள். அறிவியல் கோட்பாட்டை வைத்துத் தான் வரையவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நான் நம்புகிறேன். சோதனைக்கூடப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் விளைவு அதேதான். ரைலியின் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கி, ஒரு கணம் தயங்கி, பிறகு விரிவதை அருகில் நின்று பார்த்தால், அந்தத் தயக்கம் அவர் வேண்டுமென்றே வைத்தது என்பது புரியும். துணியில் அடித்தபோது முதலில் காணாமல்போனது அதுதான்.

எல்லா ஆய்வும் கடைவீதிக்குப் போய்ச்சேர்வதில்லை. குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்பது ஜவுளிக்கடையில் காலங்காலமாகச் சொல்வது. கிடைக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகத் தெரிகிறது என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே எழுதிவிட்டார். பெண்கள் ஆடைக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தும் சொன்னார். யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன் 2011இல் உருவப் படங்களை வைத்துச் சோதித்தபோதும் குறுக்குக் கோடு பருமனாகக் காட்டவில்லை. விற்பனைப் பையன்கள் இன்னும் நெடுக்குக் கோட்டைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

இன்றைக்கு இந்தத் துறையில் ஆய்வாளரும் டிசைனரும் ஒரே ஆளாகவே இருப்பதுண்டு. கியோட்டோவில் ரிட்சுமெய்கன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் அகியோஷி கிடாவோகா 2003இல் வரைந்த ‘சுழலும் பாம்புகள்’ படத்தை இணையத்தில் பார்க்காதவர்கள் குறைவு. சுருண்ட வட்டங்கள் அசையாத படத்தில் தாமாகச் சுற்றும். அடிப்படை 1979இல் ஃபிரேசர், வில்காக்ஸ் இருவரும் விவரித்த விளைவு. கிடாவோகா அதன் பக்குவத்தைக் கண்டுபிடித்தார். கறுப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று இதே வரிசையில் பட்டைகள் திரும்பத் திரும்ப வரவேண்டும். நிறம் முக்கியமில்லை, வெளிச்ச அளவுதான் கணக்கு. நீலத்துக்கு அடர்சாம்பலும் மஞ்சளுக்கு இளஞ்சாம்பலும் போட்டாலும் சுற்றும். வரிசையைத் திருப்பினால் சுழற்சியும் திரும்பிவிடும். ஒரு வட்டத்தின் நடுவில் பார்வையை நிறுத்தினால் அது நின்றுவிட, மற்றவை ஓரக்கண்ணில் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் படங்களில் ஒன்று பாடகி லேடி காகாவின் 2013 இசைத்தட்டில் அச்சாகியிருக்கிறது.

2018இல் இன்னொரு படம் உலகமெங்கும் செல்போன் செல்போனாகச் சுற்றியது. ஜப்பானிய நரம்பியல் நிபுணர் ஒருவர் உருவாக்கியது, அசையாமல் தெரிந்தால் மனம் அமைதி, வேகமாக அசைந்தால் மன அழுத்தம் என்று கீழே எழுதியிருந்தது. அப்படி ஒரு நிபுணரே கிடையாது. 2016இல் உக்ரைன் வடிவமைப்பாளர் ஒருவர் கிடாவோகாவின் உத்தியைப் பின்பற்றி, நிறப் பின்னணியில் கறுப்பும் வெள்ளையுமாக ஓரக் கோடுகள் இழுத்துக் கணினியில் செய்த படம் அது. மன அழுத்தத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை என்று அவரே எழுதி மறுத்தார். அடிக்குறிப்பை மாற்றி மாற்றிப் படத்தை அனுப்புகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.